கார்களின் பாதுகாப்பு: நிறுவனங்கள் தந்ததா, வாங்குபவர்கள் கேட்டுப் பெற்றதா?

மன்றப் பொறுப்பாசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வணிகவியல் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றமும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, எடைக்குறைவு, கலப்படம், காலாவதித் தேதி என்று பேசிப் பேசி மாணவர்களுக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சலித்துவிட்டது. இந்த ஆண்டு வேறு ஏதாவது பேசுவோம் என்று வகுப்பில் சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், காரில் ஏர்பேக் வந்தது நுகர்வோர் போராடியதாலா, கம்பெனிக்காரர்களே கண்டுபிடித்துப் போட்டதாலா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தொடங்கிய இரண்டாவது வாக்கியத்திலேயே, எனக்கு இதில் சரியான விவரம் தெரியாது என்பது எனக்கே விளங்கிவிட்டது.

அந்தக் கேள்வி வீட்டிலும் தொடர்ந்தது. என் மைத்துனர் சென்ற மாதம் கார் வாங்கினார். ஷோரூமுக்கு நானும் உடன் சென்றிருந்தேன். விற்பனையாளர் தொடுதிரையைப் பற்றியும் கூரைக் கண்ணாடியைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். மோதல் சோதனையில் இந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம் என்று மைத்துனர் கேட்டதும், ஒரு நொடிகூடத் தயங்காமல் எண்ணைச் சொன்னதுடன், கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது அச்சிடப்பட்டிருப்பதையும் காட்டினார். 2012-இல் நான் என் காரை வாங்கியபோது இப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்று நான் கேட்டதெல்லாம் மைலேஜும் மறுவிற்பனை விலையும்தான்.

இடையில் என்ன நடந்தது என்பதே என் ஐயம். மைத்துனர், "அரசு சட்டம் போட்டது, நிறுவனங்கள் செய்தன, அவ்வளவுதான், நுகர்வோர் அமைப்பு என்பதெல்லாம் மேடைப் பேச்சு" என்கிறார். அவர் சொல்வது சரியா? அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் என்ற வழக்குரைஞர் ஏதோ செய்தார் என்று பாடநூல் அளவில் படித்திருக்கிறேன். அவர் செய்தது என்ன, நம் நாட்டில் அதற்கு ஈடாக என்ன நடந்தது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மாணவர்களிடம் நம்பிக்கையோடு பேச முடியும்.

ஓய்வுபெற்ற வரைவாளர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஆலைகளில், வரைபடப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவனுக்கு ஒரே வரியில் சொல்வதானால், ஏர்பேக்கைக் கண்டுபிடித்தவர்கள் பொறியாளர்கள்; அது அலமாரியில் தூங்கிக் கிடக்காமல் காருக்குள் வந்து சேர்ந்ததில் நுகர்வோர் தரப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

1950-களின் அமெரிக்காவில் விபத்து என்றால் அது ஓட்டியவரின் தவறு அல்லது சாலையின் தவறு; காரைக் குற்றம் சொல்லும் வழக்கமே இல்லை. மோதலின்போது உள்ளே இருப்பவரின் உடல் எதில் அடிபடுகிறது என்பதை ஹியூ டிஹேவன் போன்றவர்கள் 1940-களிலிருந்தே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து எழுதி வந்தார்கள். எனவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஃபோர்டு நிறுவனம் 1956-இல் சீட் பெல்ட்டையும் மெத்தை வைத்த டேஷ்போர்டையும் கூடுதல் விலைக்குத் தந்து விளம்பரமும் செய்தது. அந்த ஆண்டு விற்பனையில் செவர்லே முந்திக்கொள்ளவே, பாதுகாப்பு காசாகாது என்ற எண்ணம் அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டில் வேரூன்றிவிட்டது.

இந்த இடத்தில்தான் நேடர் வருகிறார். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1965 நவம்பரில், 31 வயதில், 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அதன் முதல் இயல் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கார்வேர் பற்றியது. பின்புறம் எஞ்சின் வைத்த அந்தக் காரின் 1960 முதல் 1963 வரையிலான மாடல்களில், கூர்மையான வளைவில் பின்சக்கரம் உள்மடிந்து கார் கட்டுப்பாடு இழக்கக்கூடிய அமைப்பு இருந்தது. அதைச் சமாளிப்பதற்கு நிறுவனம் சொன்ன வழி, முன் டயரில் காற்றைப் பின் டயரைவிட மிகக் குறைவாக வைத்துக்கொள்வது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் நான்கு டயருக்கும் ஒரே அளவாக அடித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நூலின் உயிர்நாடி என்று நான் கருதுவது மூன்றாவது இயல். கார் எதன்மீதாவது மோதுவது முதல் மோதல். அடுத்த கணத்தில் உள்ளே இருப்பவரின் உடல் காரின் உட்பாகங்களில் மோதுவது இரண்டாவது மோதல். எலும்பை முறிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அக்காலக் கார்களில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளமான இரும்புக் கம்பி. முன்பக்கம் நசுங்கினால் அது ஈட்டிபோலப் பின்னுக்கு வந்து ஓட்டுநரின் மார்பில் இறங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அழுத்தினால் தொலைநோக்கிபோல ஒன்றுக்குள் ஒன்று சுருங்கிக்கொள்ளும் தண்டின் வரைபடத்தை என் மேலாளர் என் முன் விரித்து, "இந்தச் சின்னப் பிளாஸ்டிக் ஊசிகள் எதற்கு, சொல் பார்ப்போம்" என்றார். சாதாரண ஓட்டத்தில் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருப்பதும், மார்பு வந்து மோதும்போது தாமே அறுந்து வழிவிடுவதும் அந்த ஊசிகளின் வேலை. அப்படிப்பட்ட தண்டு அமெரிக்காவில் 1968 முதல் கட்டாயம். டேஷ்போர்டின் கூர்முனைகள், மோதியதும் திறந்துகொள்ளும் கதவுப் பூட்டு, பெல்ட் இல்லாத இருக்கை என்று ஒவ்வொன்றாக எடுத்து, "இவை ஓட்டுநரின் தவறா?" என்று கேட்டதுதான் நேடர் செய்த வேலை.

நிறுவனம் மௌனமாக இருந்திருந்தால் அந்த நூல் நூலகத்தோடு நின்றிருக்கக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸ் அவரைப் பற்றித் துப்பறிய ஆள் வைத்தது. அது வெளியே வந்து, 1966 மார்ச்சில் செனட் துணைக்குழுவின் முன்னால் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார், இன்று என்.எச்.டி.எஸ்.ஏ. என்று அறியப்படும் அரசு அமைப்பு அதிலிருந்து பிறந்ததே. அந்தரங்கத்தில் தலையிட்டதற்காக நேடர் தொடுத்த வழக்கு 1970-இல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணத்தை அவர் பொதுநலப் பணிகளுக்கே செலவிட்டார். அதே ஆண்டில் அவரும் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற நுகர்வோர் அமைப்பும் சேர்ந்து வாகனப் பாதுகாப்புக்கென்றே தனி மையம் ஒன்றை நிறுவினார்கள். குறைபாடுள்ள வண்டியை நிறுவனம் தன் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும் என்பதுகூட 1974-இல் திருத்தம் வந்த பிறகே சட்டமானது. 1966-இன் சட்டப்படி உரிமையாளருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தால் போதும்!

பலன் என்ன என்று உங்கள் மைத்துனர் கேட்பார். வாகனங்கள் ஓடிய ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் 1966-இல் ஏறக்குறைய ஐந்தரைப் பேர் இறந்தார்கள். 2014-இல் அது ஒன்றைச் சற்றே தாண்டியது. 1960 முதல் 2012 வரை வாகனப் பாதுகாப்புத் தொழில்நுட்பங்களால் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது அந்த அரசு அமைப்பின் மதிப்பீடு. அதில் பாதிக்கு மேல் சீட் பெல்ட்டால் வந்தது.

கணக்குப் பார்ப்பவன்

மேலே எழுதிய பெரியவரின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் படம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மாணவர்களிடம் பேசப்போகும் ஆசிரியர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலாவதாக, கார்வேர் பற்றிய குற்றச்சாட்டு முழுவதும் நிற்கவில்லை. அரசு அமைப்பே சோதனை நடத்தி, அக்காலத்து மற்ற கார்களோடு ஒப்பிட்டால் கார்வேரின் கையாளும் தன்மை மோசமானதன்று என்ற முடிவுக்கு 1972-இல் வந்தது. இயக்கத்துக்குக் கொடியாகப் பயன்பட்ட வாகனமே அவ்வளவு மோசமில்லை என்பது சங்கடமான உண்மை.

இரண்டாவதாக, உயிர்களைக் காப்பாற்றியதில் முதலிடம் பெறும் மூன்று முனைச் சீட் பெல்ட்டை 1959-இல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின். அந்தக் காப்புரிமையை நிறுவனம் மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அங்கே யாரும் நிறுவன வாசலில் கொடி பிடிக்கவில்லை. அந்தப் பெல்ட்டை அணிவதைச் சட்டமாக்கிய முதல் இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். அதற்காக வாதாடியவர்களில் முன்நின்றவர்கள், விபத்தில் சிக்கியவர்களை நாள்தோறும் அறுவை மேசையில் பார்த்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர்கள். மருத்துவர்களை நுகர்வோர் இயக்கக் கணக்கில் எழுத முடியாது.

மூன்றாவது, பொருளியல் படித்தவர்களுக்குத் தெரிந்த வாதம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாப்புச் சாதனம் கூடக் கூட ஓட்டுநரின் துணிச்சலும் கூடுகிறது, உள்ளே இருப்பவருக்குக் கிடைத்த ஆதாயத்தைச் சாலையில் நடந்து செல்பவர் இழக்கிறார் என்பது அதன் சாரம். அவர் சொன்ன அளவுக்கு ஈடுசெய்தல் நடக்கவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் பல கூறின. இருந்தாலும் கேள்வி நியாயமானது. நான்குவழிச் சாலையில் புதுக் கார்கள் பறக்கும் வேகத்தைப் பார்க்கும் எவருக்கும் இது தோன்றாமல் இருக்காது.

கடைசியாக, ஏர்பேக் விஷயத்தில் அவசரமும் ஆளைக் கொன்றிருக்கிறது. பெல்ட் அணியாத நடுத்தர உடல்வாகுள்ள ஆணைத் தடுத்து நிறுத்தும் விசையோடு தொடக்கக்கால ஏர்பேக்குகள் வடிவமைக்கப்பட்டன. ஏனெனில் பெல்ட் அணியாதவரையும் காக்க வேண்டும் என்பதே அன்றைய விதி. விளைவாக 1990-களில், உயிருக்கு ஆபத்தில்லாத சிறு மோதல்களில்கூட, முன் இருக்கையிலிருந்த குழந்தைகளும் ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் அமர்ந்த குள்ளமான பெண்களும் ஏர்பேக் விரிந்த வேகத்தால் இறந்தார்கள். பின்னர் விசையைக் குறைத்தார்கள், குழந்தையைப் பின் இருக்கையில் அமர்த்தச் சொன்னார்கள். நல்ல நோக்கம் இருந்தால் போதும், கணக்கு தானாகச் சரியாக வரும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது.

நுகர்வோர் வழக்குரைஞர், மதுரை

நண்பரின் நான்கு புள்ளிகளில் மூன்றை ஏற்கிறேன். கார்வேர் புள்ளிக்கு மட்டும் ஒரு சொல்: மற்ற கார்களைவிட மோசமில்லை என்று அந்த முடிவு சொன்னால், மற்ற கார்களும் அந்த அழகில்தான் இருந்தன என்றும் அதைப் படிக்கலாம். நூலின் வாதமும் அதுவே.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். ஆசிரியர் 2012-இல் கேட்காத கேள்வியை அவருடைய மைத்துனர் இப்போது கேட்டதற்கு நான் குறிக்கும் நாள் 2014 ஜனவரி 31. இலண்டனில் இயங்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை, அதாவது மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களை, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு, ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் சுழியம் நட்சத்திரம் என்று டெல்லியில் அறிவித்தது. அந்த அமைப்புக்கு இந்தியாவில் ஒரு காரையும் தடைசெய்யும் அதிகாரம் கிடையாது. மோதும் காட்சியைப் படம்பிடித்து வெளியிடும் வசதி மட்டுமே உண்டு. கூடு நசுங்கி, பொம்மையின் தலை ஸ்டீயரிங்கில் அறையும் அந்தச் சில விநாடிக் காட்சி செய்தித் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது.

மாணவர்களிடம் சொல்வதற்கு மிகவும் ஏற்றது போலோவின் கதை. ஏர்பேக் இல்லாத போலோவுக்குச் சுழியம். இரண்டு ஏர்பேக் கொண்ட அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம். அதன் கூடு உறுதியாகவே நின்றது. நிறுவனம் ஏர்பேக் இல்லாத மாடலைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டது. அப்போது எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை என்பதை உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். இதற்கு ஐரோப்பிய முன்மாதிரியும் உண்டு. 1997-இல் யூரோ என்கேப் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, நான்கு நட்சத்திரம் வாங்கும் காரை யாராலும் செய்ய முடியாது என்று தயாரிப்பாளர்கள் வாதிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே வால்வோ எஸ்40 நான்கு வாங்கியது. ஒரே நட்சத்திரம் பெற்ற ரோவர் 100, ஆண்டு முடிவதற்குள் தயாரிப்பிலிருந்தே போய்விட்டது.

இந்தியாவில் சட்டம் பின்னால் வந்தது. முன்பக்க மோதல் சோதனை 56 கிலோமீட்டர் வேகத்தில், புது மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதல். ஓட்டுநருக்கான ஏர்பேக், பெல்ட் நினைவூட்டும் ஒலி, 80-ஐத் தாண்டினால் எழும் எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலை முதல். பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக், புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலும். இடையில், 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் ஆனது. அதுமுதல் நட்சத்திரம் விளம்பரப் பொருளாகிவிட்டது. நமக்கென்று பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அது கட்டாயமன்று, நிறுவனம் விரும்பினால் தன் காரைச் சோதனைக்குக் கொடுக்கலாம். இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன். தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை மாணவனே முடிவுசெய்யும் பள்ளிக்கூடம் எங்கேயாவது உண்டா?

வழக்குமன்றத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் ஒரு ஹூண்டாய் கிரெட்டா விபத்துக்குள்ளாகி, ஏர்பேக் விரியாமல் உரிமையாளருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். போதிய விசையோடு மோதினால்தான் அது விரியும் என்பது நிறுவனத் தரப்பு வாதம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை, முன்பக்கம் மோதினால் முன் ஏர்பேக் விரியும் என்றே சாதாரணமாக ஒருவர் எதிர்பார்ப்பார் என்று கூறி, இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதிசெய்தது. மாணவர்களிடம் சொல்லக்கூடிய தீர்ப்பு, மொழியும் எளிது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது.

சர்வேயர்

விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து அறிக்கை தருவது என் தொழில்; எனவே காப்பீட்டுத் துறைக்காக முதலில் ஒரு சொல். அமெரிக்காவில் ஏர்பேக் விதி 1969-இல் பேச்சுக்கு வந்து, 1977-இல் விதியாகி, 1981-இல் ரீகன் அரசால் கைவிடப்பட்டபோது, நீதிமன்றம் போனவர்களில் முன்நின்றது ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம். போதிய காரணம் சொல்லாமல் விதியைக் கைவிட்டது செல்லாது என்று 1983-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாக் கார்களுக்கும் முன் ஏர்பேக் கட்டாயமானபோது 1997 செப்டம்பர் ஆகிவிட்டது. நுகர்வோர் அமைப்பு குரல் கொடுத்தது, பணம் போகிறதே என்று கவலைப்பட்டவர்கள் வழக்குச் செலவை ஏற்றார்கள். இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

பட்டறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முன்கண்ணாடியில் சிலந்தி வலைபோல உள்ளிருந்து வெளிநோக்கிப் புடைத்த விரிசல் இருந்தால், அந்த இடத்தில் ஒரு தலை மோதியிருக்கிறது. பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்ப்பேன். அணிந்திருந்தால், மேல் வளையம் உராய்ந்த இடத்தில் துணி பளபளத்துத் தேய்ந்திருக்கும். சில வண்டிகளில் பெல்ட் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். அணியாத பெல்ட் புதுத் துணிபோலச் சுருளுக்குள் இருந்து வழுவழுவென்று வரும். அப்படிப்பட்ட வண்டியில் பூட்டைப் பார்த்தால், பெல்ட் இல்லாத வெறும் நாக்கு ஒன்று செருகியிருக்கும். ஒலியை நிறுத்துவதற்காக நூறு இருநூறு ரூபாய்க்குக் கடையில் வாங்கிய பொருள். நிறுவனம் வைத்த ஒலியை வாங்கியவரே காசு கொடுத்து வாயடைக்கிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெல்ட் போடாவிட்டால் எஞ்சின் கிளம்பாத அமைப்பை அமெரிக்கா 1974 மாடல் கார்களில் கட்டாயமாக்கியது. மக்கள் கொதித்ததில் அந்த ஆண்டே நாடாளுமன்றம் அதைத் தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு: 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையிட்டு, இந்த நாக்குகளை விற்ற 13,118 பதிவுகளை நீக்க வைத்தது. நுகர்வோரை நுகர்வோரிடமிருந்து காக்கும் வேலை என்று எனக்குத் தோன்றியது. முன்பக்கம் பொருத்தும் இரும்புத் தடுப்பும் அப்படித்தான். மோதலின் விசை ஏர்பேக்கை விரியவைக்கும் உணரிக்கு எட்டும் விதத்தை அது மாற்றிவிடும், எதிரில் வரும் ஆளையும் நொறுக்கும் என்று 2017 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொல்லியும், இன்றும் வாரம் ஒன்றிரண்டு வண்டிகளில் பார்க்கிறேன்.

இன்னொன்று, இந்த விவாதத்தில் யாருமே இருசக்கர வாகனத்தைப் பற்றிப் பேசவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 பேர் இறந்தார்கள். காருக்கு நட்சத்திரம் உண்டு. ஸ்கூட்டருக்கு என்ன உண்டு? 125 சி.சி.க்கு மேல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு என்று 2019 ஏப்ரலில் வந்தது. 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்கக் கூடாது. அதோடு சரி. வாங்குபவர்களின் குரல் கார் வாங்கும் வசதியுள்ளவர்களின் குரலாகவே இருந்துவிட்டது என்ற குறையை உங்கள் மாணவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் நிற்பது ஸ்கூட்டராகத்தான் இருக்கும்.

மன்றப் பொறுப்பாசிரியர்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. போலோவின் கதையையும் பிளாஸ்டிக் ஊசியையும் கட்டாயம் பயன்படுத்திக்கொள்வேன். சர்வேயர் அவர்கள் சொன்ன ஸ்கூட்டர் குறையை மாணவர்களே பேசட்டும் என்று இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டேன். மைத்துனர் முழுவதையும் படித்துவிட்டு, "சட்டம் பின்னால் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், மற்றதைப் பிறகு பேசுவோம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய இறக்கம்.

ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. நிறுவனம் ஒரு மாடலைத் திரும்பப் பெறுகிறது என்று செய்தி வந்தால், அதில் நம் வண்டி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் காரை இடையில் வேறு ஊருக்கு மாற்றிப் பதிவுசெய்திருக்கிறேன், இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை.

நுகர்வோர் வழக்குரைஞர், மதுரை

பதிவுச் சான்றிதழில் சேஸிஸ் எண் என்று 17 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒன்று இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் அதை உள்ளிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்குத் தொலைபேசியில் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். முகவரி மாறியவர்களுக்கும், பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கும் கடிதம் போய்ச் சேர்வது அரிது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை நாமே பார்த்துக்கொள்வது நல்லது. ஏர்பேக், பிரேக், ஸ்டீயரிங் தொடர்பான அறிவிப்பு என்றால் நாள் கடத்த வேண்டாம்.

மன்றப் பொறுப்பாசிரியர்

இதைப் படித்த கையோடு எண்ணை உள்ளிட்டுப் பார்த்தேன். என் வண்டிக்கு ஓர் அறிவிப்பு நிலுவையில் இருக்கிறது. வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பணிமனையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது என்பதைத் தொலைபேசியிலேயே இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கேள்வி கேட்ட மாணவனையும் உடன் அழைத்துப்போக அவனுடைய அப்பாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.